புது டியூட்டீரியம் விளக்கு போட்டும் 220-க்குக் கீழே ஒளி வரவில்லை

குவெட்:
எங்கள் ஆய்வகத்தில் இரட்டைக் கற்றை யுவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் (கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) ஒன்று 22 வருடமாக ஓடுகிறது. வேலைக்குச் சேர்ந்தபோது நான் முதலில் கற்றுக்கொண்ட கருவி அதுதான். இப்போது உதிரிபாகம் கிடைப்பதில்லை.

ஆறு மாதமாக 220 நானோமீட்டருக்குக் கீழே பேஸ்லைன் (மாதிரி இல்லாமல் வரும் கோடு) ஒரே இரைச்சல், நிலையில்லாமல் ஆடுகிறது. புற ஊதா ஒளி தரும் டியூட்டீரியம் விளக்கு 1,400 மணி நேரம் எரிந்திருந்ததால் அதை மாற்றினேன். 250-இல் ஒளி ஆற்றல் நன்றாக ஏறியது, 200-இல் ஏறவே இல்லை. அலைநீளம் சரிபார்க்கும் ஹோல்மியம் கண்ணாடியில் 361, 536 உச்சிகள் சரியான இடத்தில் வருகின்றன. குவெட் (கரைசல் ஊற்றும் சின்னப் பாத்திரம்) வைக்காமல் பார்த்தாலும் இதே நிலைதான். மேலே இருப்பவர்கள் கழித்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. வழி உண்டா?

ஒளிக்கோடு:
விளக்கு சரியாக உட்கார்ந்திருக்கிறதா? கொஞ்சம் சாய்ந்தாலும் ஒளி, அது உள்ளே நுழையும் குறுகிய பிளவின் மேல் விழாது.

குவெட்:
மூன்று முறை கழற்றி மாட்டிவிட்டேன். அளவு மாறவில்லை.

பழைய கை:
தம்பி, அவசரப்பட்டுக் கழித்துவிடாதீர்கள். விளக்கு சாய்ந்திருந்தால் 250-லும் குறைந்திருக்கும். தொடங்கும்போது கருவி டியூட்டீரியத்தின் 656.1 கோட்டைத் தானே தேடிப் பிடிக்கும். அதுவும் ஹோல்மியமும் சரி என்றால் ஒளியை அலைநீளங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங்கைத் திருப்பும் பகுதி நலமாக இருக்கிறது. குறுகிய அலைநீளம் மட்டும் செத்திருக்கிறது என்றால் உள்ளே ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடிகளில் படலம் படிந்திருக்கிறது. அறையில் திரியும் கரைப்பான் ஆவி, விளக்கின் புற ஊதா ஒளி பட்டு, எதிரே இருக்கும் முதல் கண்ணாடியில் சுட்ட எண்ணெய் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குப் பளபளப்பாகவே தெரியும், 200-இல் மட்டும் ஒளியை விழுங்கும்.

இதில் இரைச்சலைவிட மோசமானது சிதறொளி, அதாவது தேர்ந்தெடுத்த அலைநீளம் அல்லாமல் வழிதவறி வந்து சேரும் ஒளி. நல்ல ஒளி குறையும்போது அதன் பங்கு கூடுகிறது. 1 சதவீதம் சிதறொளி இருந்தால், உண்மையில் உறிஞ்சல் அளவு 3 உள்ள கரைசலும் 2-க்குக் கீழேதான் காட்டும். செறிவுக்கு எதிரே உறிஞ்சலை வரையும் அளவுக்கோடு மேல்முனையில் வளைவது இதனால்தான். லிட்டருக்கு 12 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைசலை 1 செ.மீ. குவார்ட்ஸ் குவெட்டில் ஊற்றி, தண்ணீருக்கு எதிராக 198-இல் பாருங்கள். 2-க்கு மேல் வர வேண்டும்.

சுத்தம் செய்வதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, விளக்கு ஆறும்வரை காத்திருங்கள். விளக்கு வீட்டுக்கும், கிரேட்டிங் இருக்கும் மோனோகுரோமேட்டர் பெட்டிக்கும் நடுவே குவார்ட்ஸ் ஜன்னலோ லென்ஸோ இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். தூய ஐசோபுரோப்பனாலில் நனைத்த லென்ஸ் தாளால் ஒரே திசையில் ஒரு இழுப்பு, அடுத்த இழுப்புக்குப் புதுத் தாள். முதல் கண்ணாடிக்கு ரப்பர் பந்தால் காற்று, அப்புறம் ஐசோபுரோப்பனாலை வழியவிட்டு உலர்த்துவது, அதோடு சரி. தேய்த்தால் அலுமினியப் பூச்சு கீறிவிடும். கிரேட்டிங்கை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள், காற்றுகூட ஊதாதீர்கள். ஒரு முறை நான் அதில் விரல் வைத்து ஒரு கருவியையே இழந்திருக்கிறேன்.

குவெட்:
அண்ணா, ஜன்னலைத் துடைத்த தாளில் மஞ்சள் கறை வந்தது! 200-இல் ஆற்றல் முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு. பொட்டாசியம் குளோரைடு 1.7-இலிருந்து 2.1-க்கு வந்துவிட்டது. முதல் கண்ணாடியை இன்னும் தொடவில்லை, கை நடுங்குகிறது.

பழைய கை:
2.1 வந்தாயிற்று என்றால் இப்போதைக்குக் கண்ணாடியை விடுங்கள். பிறகு அது மங்கினால் கழற்றிப் புதிதாக அலுமினியம் பூசி, மேலே மெக்னீசியம் ஃப்ளூரைடு அடுக்கு போட்டு வாங்கலாம். அந்த வேலை செய்யும் ஒளியியல் பட்டறைகள் இருக்கின்றன. மறக்காமல் கரைப்பான் புட்டிகளை அந்த மேசையிலிருந்து நகர்த்துங்கள்.

ஒளிக்கோடு:
கருவியை ஓட்டும் கணினி எது? விண்டோஸ் எக்ஸ்பி என்றால் ஹார்டு டிஸ்கை இன்றே படி எடுத்து வையுங்கள். எங்களிடம் ஒளியியல் பகுதி முழு நலமாக இருந்த கருவி, டிஸ்க் செத்ததால் நான்கு மாதம் சும்மா கிடந்தது. மென்பொருளை நிறுவும் தட்டு யாரிடமும் இல்லை. மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

குவெட்:
எக்ஸ்பி-தான். படி எடுத்துக்கொண்டிருக்கிறேன், 40 சதவீதம் ஆகியிருக்கிறது. புட்டிகள் அடுத்த அறைக்குப் போய்விட்டன.