கண்டாங்கிச் சேலைக்கு ரஃபு செய்பவர் தெரியுமா?

தோழிகளே, ஓர் உதவி. எங்கள் ஆயாவின் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைகளை "கிழவி புடவை" என்று வீட்டில் யாரும் தொட்டதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது! இப்போது காலேஜ் பெண்கள் அதைச் சட்டைக்கு மேல் கட்டி பெல்ட் போட்டுப் போகிறார்கள். என் மகளும் ஆசையாகக் கேட்கிறாள். அரக்கு நிறம், பெரிய கட்டம், உள்ளங்கையைவிட அகலமான கரை. கலர் கொஞ்சமும் மங்கவில்லை. ஆனால் ஒரே மடிப்பில் கிடந்ததால் மடிப்பு வாக்கில் நூல் விட்டிருக்கிறது. வெட்டிச் சுடிதார் தைக்க எனக்கு மனசே இல்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் கையால் இழை ஓட்டி ரஃபு செய்பவர் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், ஆயா போட்ட மாதிரி முழங்கை வரை கை வைத்து ரவிக்கை தைப்பவரும் வேண்டும். கூலி எவ்வளவு ஆகும்?