வளர்ச்சியா, வளைப்பா? உள்ளாட்சியும் வணிகர் சங்கமும் ஒரே மேசையில்

நூற்கண்டு:

வேறொரு இழையில் ஒருவர், "வணிகர் சங்கத்தை உள்ளாட்சியின் வளர்ச்சிக் குழுவில் சேர்ப்பது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். பத்துப் பேர் கைதட்டியிருந்தார்கள். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறும் என்பதால் தனி இழை.

என் வாதம் எளிது. உள்ளாட்சிக்குச் சாலை போடத் தெரியும், உரிமம் கொடுக்கத் தெரியும், வரி வசூலிக்கத் தெரியும். ஒரு தொழில் எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்பது தெரியாது. தெரிந்துகொள்ள ஆளும் கிடையாது. தெரிந்தவர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள்.

கனடாவின் டொராண்டோவில் நடந்ததைப் பாருங்கள். 1960களின் பிற்பகுதியில் புளோர் தெருவுக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்ததும் மேலே டிராம் நின்றது. டிராமில் ஏறி இறங்கும்போது அப்படியே கடைக்குள் எட்டிப்பார்த்தவர்கள் பூமிக்கடியில் போய்விட்டார்கள். போதாக்குறைக்குப் புதிய மால்கள் வேறு. கடைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தெருவைச் சீர்செய்யப் பார்த்தார்கள். எந்தச் சங்கத்திலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது: சிலர் கொடுத்தார்கள், சிலர் கைவிரித்தார்கள். ஆனால் விளக்கு எரிந்தால் வெளிச்சம் எல்லார் வாசலுக்கும்தானே? கடைசியில் அவர்களே அரசிடம் போய், எங்கள் எல்லார் மேலும் கட்டாயக் கூடுதல் வரி போடுங்கள், நகராட்சி வசூலித்து எங்கள் தெருவுக்கே தரட்டும் என்று கேட்டார்கள். சட்டம் வந்தது. 1970ல் புளோர் வெஸ்ட் வில்லேஜ் இந்த வகையில் உலகின் முதல் வட்டாரம் ஆனது. இன்று பல நாடுகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது.

என் மேல் வரி போடு என்று கேட்டு வந்தவனைப் பூனை என்று சொல்லலாமா?

வரிக்காரன்:

அந்த ஒரு வரியை எழுதியவன் நான்தான். வாபஸ் வாங்குவதாக இல்லை.

டொராண்டோ நல்ல கதை. ஆனால் தெருவிளக்கையும் பூந்தொட்டியையும் காட்டிப் பெரிய விஷயத்தைக் கடந்துபோகப் பார்க்கிறீர்கள். பெரிய பணம் வரும்போது என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் கனெடிகட் மாநிலத்தின் நியூ லண்டன், நொடித்துப்போயிருந்த ஒரு துறைமுக நகரம். 1998ல் ஃபைசர் மருந்து நிறுவனம் அங்கே ஆராய்ச்சிக் கூடம் கட்டப்போவதாக அறிவித்தது. பக்கத்து நிலத்துக்குத் திட்டம் போட்டது நகர மன்றம் அல்ல. நியூ லண்டன் வளர்ச்சிக் கழகம் என்ற தனியார் அமைப்பு. லாபநோக்கற்றது என்று பதிவு செய்யப்பட்டது. நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை நகர மன்றம் அதன் கையில் கொடுத்திருந்தது. ஃபோர்ட் டிரம்புல் என்ற குடியிருப்பில் ஹோட்டல் வரும், அலுவலகங்கள் வரும், புது வீடுகள் வரும் என்று சொல்லி, இருந்த வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். சூசெட் கீலோ என்ற பெண்மணியும் இன்னும் சிலரும் மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005ல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் நகரம் ஜெயித்தது. வேலையும் வரி வருமானமும் கூடும் என்ற திட்டமே பொதுப் பயன்பாடுதான் என்றது தீர்ப்பு.

அப்புறம்? ஹோட்டலும் வரவில்லை, வீடும் வரவில்லை. 2009ல் ஃபைசரும் அந்த ஊரை விட்டுக் கிளம்புவதாக அறிவித்தது. இடித்த இடத்தில் பல வருடம் புல்தான் முளைத்தது. கீலோவின் இளஞ்சிவப்பு வீட்டை மட்டும் பிரித்தெடுத்து, அதே நகரத்தில் வேறொரு இடத்தில் திரும்ப நிறுத்தினார்கள்.

ஓட்டுப் போட்டவன் நேரே கேள்வி கேட்க முடியாத ஓர் அமைப்பிடம் பொது அதிகாரத்தைக் கொடுத்த கதை இது. பூந்தொட்டிக்குக் கொடுத்தாலும் அதிகாரம் அதிகாரம்தான் சார்.

நூற்கண்டு:

நியூ லண்டனில் நடந்தது அநியாயம். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டத்தை மாற்றின என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் நிறுவனம் வேறு, சங்கம் வேறு. ஒற்றைப் பெரிய நிறுவனம் வரப்போகிறது என்றதும் ஊரே அதன் தாளத்துக்கு ஆடியது. அது வேண்டாம் என்றால் நாளைக்கே மூட்டை கட்டும். சிறு தொழில்களின் சங்கம் அப்படிக் கிளம்ப முடியாது. பட்டறையும் அங்கே, வீடும் அங்கே.

இத்தாலியின் கார்பி நகரம், பின்னலாடைத் தொழிலில் சிறு பட்டறைகள் குவிந்த இடம். 1980ல் எமிலியா-ரொமான்யா பிராந்திய அரசின் துணையோடு சிட்டர் என்ற ஜவுளித் தகவல் மையம் அங்கே வந்தது. அது யாருக்கும் மானியக் காசோலை நீட்டவில்லை. அடுத்த பருவத்தில் எந்த நிறம் ஓடும், எந்த நூல், எந்தச் சந்தை எப்படிப் போகிறது என்பதைத் திரட்டிக் கொடுத்தது. ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறை இதற்கென்று தனியாக ஆள் வைக்க முடியுமா? நிறுவனங்கள் சந்தா கட்டின, பொதுப் பணமும் சேர்ந்தது. ஒருவர் பட்டறைக்காக இன்னொருவர் வீடு இடிக்கப்படவில்லை. நான் சொல்லும் கூட்டு இது.

தெருமுனை:

இரண்டு பேரும் சங்கம், சங்கம் என்கிறீர்கள். சங்கத்துக்குள் யார் இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பது வருடமாக ஒரு வணிகர் சங்கத்தில் சந்தா கட்டுகிறேன். உள்ளாட்சியோடு கலந்தாய்வு என்று அறிவிப்பு வரும். வேலைநாள், காலை பதினோரு மணி. என்னிடம் ஆள் கிடையாது, ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரே ஒருமுறை போனேன். முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள், எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அந்த எட்டுப் பேரும் மேலாளர் வைத்துக் கடை நடத்துகிறவர்கள். தெரு ஓரம் வண்டி நிறுத்துவதைத் தடை செய்து, ஒரு மூலையில் அடுக்கு நிறுத்தகம் கட்டலாம் என்று பேசி முடித்தார்கள். அந்த மூலை யார் கட்டடத்தை ஒட்டி என்று நான் சொல்லத் தேவையில்லை. என் வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு பொருள் வாங்கிக்கொண்டு போகிறவர் அடுக்கு நிறுத்தகத்துக்குப் போவாரா? "வணிகர்களின் ஒருமித்த கருத்து" என்று அறிக்கை வந்தது.

கை தூக்கிப் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசினேன். "நல்ல கருத்து" என்றார்கள்.

மேசைவாசி:

தெருமுனை சொன்ன மேசையின் மறுபக்கத்தில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் கோப்பு எழுதுகிற வேலை, இப்போது ஓய்வு.

வெளியில் இருந்து பார்த்தால் லஞ்சம், சிபாரிசு என்றுதான் கற்பனை செய்வீர்கள். நான் பார்த்தது அதைவிடச் சப்பென்றது. எங்கள் பக்கம் அதிகாரி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுவார். சங்கத்தின் செயலாளர் பதினைந்து வருடமாக அதே ஆள். பழைய கூட்டத்தில் என்ன முடிவானது என்று எங்களுக்கே சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் போன் போடுவோம். மனிதர் நல்லவர், ஒளிக்காமல் சொல்வார். கூட்டக் குறிப்பு எழுத எங்களிடம் ஆள் இல்லாததால் அதையும் அவரே தட்டச்சு செய்து அனுப்பிவிடுவார். அதில் "சங்கத்தின் சார்பில் கோரப்படுகிறது" என்று இருக்கும். நான் அதை "தீர்மானிக்கப்படுகிறது" என்று மாற்றி மேலே அனுப்புவேன். ஒரு சொல்தான். யாரும் என்னை மாற்றச் சொல்லவில்லை, தீர்மானத்துக்கு அதுதான் வாசகம் என்பதால் மாற்றினேன். கோரிக்கைக்கும் தீர்மானத்துக்கும் நடுவில் யாராவது யோசித்திருக்க வேண்டிய இடம், என் கீபோர்டில் காணாமல் போனது.

வரிக்காரன்:

மேசைவாசி ஐயா, என் வேலையை மிச்சப்படுத்திவிட்டீர்கள்.

இன்னொன்றையும் போட்டுவிடுகிறேன். 2017ல் தைவானின் ஃபாக்ஸ்கான் மின்னணு நிறுவனம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 13,000 வேலை தருவதாகச் சொன்னது. மாநிலம் கிட்டத்தட்ட 300 கோடி டாலர் சலுகை தருவதாகச் சொன்னது. மவுண்ட் பிளசன்ட் என்ற சின்ன ஊராட்சி கடன் வாங்கி நிலம் சேர்த்தது, வீடுகளை வாங்கி இடித்தது, சாலையும் குழாயும் போட்டது. 2021ல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது வேலை 1,454 ஆகச் சுருங்கியிருந்தது.

நூற்கண்டு:

அதே திருத்தத்தில் மாநிலத்தின் சலுகையும் 8 கோடி டாலராகச் சுருங்கியதே, அதை ஏன் விட்டீர்கள்? வேலை கொடுத்தால்தான் சலுகை என்று மாநிலம் முதலிலேயே எழுதி வைத்திருந்தது. அதனால் பெரிய அளவில் தப்பியது. முன்பணமாகக் கொட்டியது ஊராட்சிதான். கூட்டு சேர்ந்ததில் தப்பில்லை, பணத்தை எந்த வரிசையில் விட்டார்கள் என்பதில்தான் தப்பு. அந்த நிலத்தில் ஒரு பகுதியைப் பின்னால் மைக்ரோசாஃப்ட் தரவு மையத்துக்காக வாங்கியது, அதையும் கணக்கில் சேருங்கள்.

வரிக்காரன்:

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைத் திட்டம் என்று சொல்லாதீர்கள். வரிசை பற்றிச் சொன்னது சரி. ஆனால் மாநிலத்திடம் ஒப்பந்தம் எழுத வக்கீல் படையே இருக்கிறது, ஊராட்சியிடம் என்ன இருக்கிறது? உள்ளாட்சி மட்டத்தில் இந்தக் கூட்டு ஆபத்தானது என்று நான் சொல்வதே அதனால்தான்.

தெருமுனை:

வாக்கு எப்படி எண்ணப்படுகிறது என்பதைப் பேசாமல் இது முடியாது. டொராண்டோ மாதிரியை இங்கிலாந்து 2003ல் சட்டமாக்கியபோது இரண்டு பூட்டுப் போட்டது. கூடுதல் வரிக்கு ஒப்புதல் கிடைக்க, ஓட்டுப் போட்ட நிறுவனங்களின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், அவற்றின் வரி மதிப்பிலும், அதாவது வரி போடுவதற்காகக் கட்டடத்துக்கு வைத்த மதிப்பிலும், பெரும்பான்மை வேண்டும். எட்டுப் பெரிய ஆட்கள் மட்டும் சேர்ந்து முடிவு செய்ய முடியாது. சின்னவர்கள் கும்பலாகச் சேர்ந்து பெரியவர் தலையில் கட்டவும் முடியாது. அதிகபட்சம் ஐந்து வருடம், அப்புறம் மறுபடி ஓட்டு. ஜெர்மனியில் வணிக, தொழில் மன்றத்தில் உறுப்பினராவது கட்டாயம், 2017ல் அரசியல் சாசன நீதிமன்றமும் அதைச் சரி என்றது. ஆனால் தேர்தலில் பெரிய கம்பெனிக்கும் ஒற்றை ஆள் தொழிலுக்கும் ஓட்டு ஒன்றுதான்.

குறை இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் பொதுவாகக் கூடுதல் வரி கட்டுவது கடை நடத்துகிறவர். தெரு அழகானதும் வாடகை ஏறினால் லாபம் கட்டடக்காரருக்கு. மாடியில் குடியிருக்கிறவருக்கு ஓட்டே இல்லை.

மேசைவாசி:

மாடியில் இருப்பவர் என்றதும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஞாபகம் வருகிறது. 1940களில் அந்த எஃகு நகரத்தில் நிலக்கரிப் புகையால் நண்பகலில் தெருவிளக்கு எரியும். மேயர் டேவிட் லாரன்ஸ் ஜனநாயகக் கட்சி. ரிச்சர்ட் கிங் மெலன் குடியரசுக் கட்சிக்காரர், பெரிய வங்கிக் குடும்பம். இரண்டு பேரும் கைகோத்தார்கள். பெருநிறுவனங்களின் ஆதரவோடு அலகெனி மாநாடு என்ற அமைப்பு திட்டம் போட்டது, நகராட்சி சட்டத்தை அமல்படுத்தியது. 1941லேயே போட்ட புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போரினால் கிடப்பில் இருந்தது. 1946ல் ஆலைகளுக்கும் அடுத்த வருடம் வீடுகளுக்கும் அமலானது. வானம் தெரிந்தது. தொழிலதிபர்கள் எதிர்த்து நின்றிருந்தால் எந்த மேயராலும் ஆகியிருக்காது. வரிக்காரன் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதே ஆட்கள், அதே மேசை, பத்து வருடம் கழித்து லோயர் ஹில் என்ற பகுதியை இடிக்க முடிவெடுத்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள். சுமார் 8,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள், நானூறுக்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் போயின. அங்கே கட்டிய பெரிய அரங்கம் 1961ல் திறந்தது. ஐம்பது வருடம் கழித்து அதையும் இடித்தார்கள். இதற்கு நூற்கண்டு பதில் சொல்ல வேண்டும்.

குறுக்குச்சால்:

சும்மா படித்துக்கொண்டிருந்தேன். புகை எல்லார் மூக்கிலும் ஏறியது, மெலன் மூக்கிலும். லோயர் ஹில்லில் மெலன் குடியிருக்கவில்லை. இவ்வளவுதானே விஷயம்?

நூற்கண்டு:

இவ்வளவுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரும்பகுதி அதுதான். சங்கம் தன் பணத்தையும் தன் வாசலையும் பணயம் வைக்கிற விஷயத்தில் அதன் பேச்சை நம்பலாம். மற்றவர் நிலம், மற்றவர் வரி என்று வந்தால் அந்த மற்றவரும் மேசையில் இருக்க வேண்டும். என் முதல் பதிவில் இது இல்லை, சேர்த்துக்கொள்கிறேன். குடியிருப்பவர்கள், தொழிலாளர்கள், தெருமுனை மாதிரி ஆட்கள், எல்லாருக்கும் நாற்காலி.

வரிக்காரன்:

பிட்ஸ்பர்க் புகைக்கு என் பதில்: சங்கம் எதிர்க்காமல் இருந்தால் போதும், அதற்கு நாற்காலி எதற்கு?

எல்லாரையும் உட்கார வைக்கும் மேசைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. நகர மன்றம். அதற்குத்தான் ஓட்டுப் போடுகிறோம். அதற்கு மேல் இன்னொரு மேசை ஏன்?

நூற்கண்டு:

மன்றத்தில் இருப்பவருக்கு நூலின் தரம் தெரியாது, சரக்கு எங்கே தேங்குகிறது என்று தெரியாது. முடிவெடுப்பது மன்றமே. இந்த மேசை தகவலும் யோசனையும் கொடுக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு யோசனைக்கும் கீழே இது யார் கேட்டது என்று பெயரோடு இருக்கட்டும்.

மேசைவாசி:

அதை எழுதப்போவது யார்? முழுநேர எழுத்தர் ஒருவர் வேண்டும், அவர் அலுவலகத்தின் ஆளாக இருக்க வேண்டும். எங்கள் காலத்தில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம், பணியிடம் தரவே இல்லை.

நூற்கண்டு:

சங்கம் கட்டுகிற கூடுதல் வரியில் ஒரு பங்கை அந்தச் சம்பளத்துக்கு ஒதுக்கலாமே.

வரிக்காரன்:

குறிப்பு எழுதுகிறவருக்குச் சம்பளம் சங்கத்தின் பணத்திலிருந்து. மறுபடி பாலைக் கொண்டுபோய்ப் பூனை பக்கத்தில் வைக்கிறீர்கள். பொது வரியிலிருந்து கொடுங்கள், அப்போது பேசலாம்.

தெருமுனை:

யார் சம்பளம் கொடுத்தாலும் சரி, கூட்டம் காலை பதினோரு மணிக்கு வேண்டாம்.