18 போட்டு 22.7 எடுத்த கதை

மோல்மாமா: நேற்று இங்கே ஒரு டீச்சர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. நாலு பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துக் கணக்குக் கொடுத்தால், தாங்கள் எப்படி யோசிக்கிறோம் என்பதைத் தாங்களே கவனிக்கத் தொடங்கிவிடுவார்களாம். 30 வருஷம் டியூஷன் எடுத்தவன் சொல்கிறேன். ஒருத்தன் போடுவான், மூணு பேர் பார்த்து எழுதுவார்கள்.

வேதியியல்_செல்வி: அந்த டீச்சர் நான்தான் சார். பாதியை விட்டுவிட்டீர்கள். 14 கிராம் நைட்ரஜன், 4 கிராம் ஹைட்ரஜன், எவ்வளவு அம்மோனியா? எடை குறைவு, அதனால் ஹைட்ரஜன்தான் லிமிட்டிங் ரீஏஜென்ட், அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்துவது, என்று தனியாகப் போட்டவர்கள் பலர் 22.7 கிராம் எழுதிவிட்டு மூடி வைத்துவிட்டார்கள். குழுவில் ஒரு பெண், "18 கிராம் போட்டா 22.7 எப்படிடா வரும்?" என்றாள். திரும்பப் போட்டார்கள். முதலில் தீர்வது நைட்ரஜன். அம்மோனியா 17, மிச்சம் ஹைட்ரஜன் 1 கிராம்.

மோல்மாமா: கேட்டது ஒரு பெண். ஒருத்தி. குழுவா கேட்டது?

உப்புக்கரைசல்: மாமா, பக்கத்தில் இருந்தவன் 22.7 என்று வாய்விட்டுச் சொன்னதால்தானே அவள் கேட்டாள்? 2008இல் அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் இதையே ஆராய்ந்து எழுதினார்கள். குழுவில் கணக்குப் போட்டு முன்னேறியவர்கள் பிறகு தனியாகப் போட்டபோதும் அந்த முன்னேற்றம் குறையவில்லை.

மோல்மாமா: அமெரிக்காவுக்கே போய்விட்டீர்களா, சந்தோஷம். இங்கே நீட்டில் வேதியியல் 45 கேள்வி. ஓ.எம்.ஆர். தாளில் குழுவுக்கென்று தனி வட்டம் உண்டா? அப்புறம், 18ஐயும் 22.7ஐயும் ஒப்பிடுவது பொருண்மை அழியா விதி: போட்ட எடைதான் வரும். லவாய்சியர் என்ற விஞ்ஞானி சொன்னது. அதற்கு எதற்கு மெட்டாகாக்னிஷன், தன் யோசனையைத் தானே கவனிப்பது, என்று ஒரு பட்டுவேட்டி? கேட்டது ஒருத்திதானே, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வேதியியல்_செல்வி: விதி எல்லோருக்கும் தெரியும் சார். தன் விடையின் மேல் அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றுவதுதான் விஷயம். அடுத்த வாரம் தனித்தனியாகக் கொடுத்த கணக்கில், அவள் குழுவின் மற்ற மூன்று பேரும் விடைக்குக் கீழே மொத்த எடையைக் கூட்டிப் பார்த்திருந்தார்கள். நான் சொல்லித் தரவில்லை.

பின்வரிசை_பாலா: பார்த்து எழுதிய கூட்டத்தில் நானும் ஒருத்தன். படிக்கிறவன் முகத்தைப் பார்த்தே விடை சரி என்று முடிவு செய்வோம். அவன் ஊருக்குப் போன அன்றைக்குத்தான் சண்டை போட்டுக்கொண்டு மோல் கணக்கே புரிந்தது.

மோல்மாமா: பார்த்தீர்களா, பார்த்து எழுதினேன் என்று அவரே ஒப்புக்கொண்டார்!

உப்புக்கரைசல்: இரண்டாவது வரியை யார் படிப்பார்கள் மாமா?

மோல்மாமா: போன மாசம் டைட்ரேஷன் (அமிலம், காரம் அளக்கும் சோதனை) பேச்சில், நிறம் மாறிக் காட்டும் பீனால்ஃப்தலீன் எத்தனை சொட்டு என்று எனக்கே பாடம் எடுத்தவர்தானே இந்த டீச்சர்? அதற்குத்தான் இந்த வட்டமெல்லாம்.

வேதியியல்_செல்வி: அரை டெஸ்ட் டியூப் ஊற்றலாம் என்று எழுதியிருந்தீர்கள் சார்.

மோல்மாமா: அரை என்று எழுதவே இல்லை. கொஞ்சம் என்றுதான் எழுதினேன். போய்ப் பாருங்கள். அந்தப் பெண் ஒருத்திதான் கேட்டாள் என்பதும் அப்படியே நிற்கிறது.