ஐஸ் பக்டரி: கொம்பிரசர் வால்வு பிளேட்டை எப்போது மாற்றுவது?

கேள்வி (திருகோணமலை)
கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம், படகுகளுக்கு 50 கிலோ பார் (ஐஸ் கட்டி) போடும் அமோனியா பிளாண்ட். இரண்டு கொம்பிரசர், நாளுக்கு 20 மணித்தியால ஓட்டம். பிரைன் (கேன்கள் நிற்கும் உப்புக் குளிர்நீர்) மைனஸ் 10 பாகை, கேன் தடிப்பு 19 செ.மீ. வால்வு பிளேட் (வாயுவை உள்ளே வெளியே விடும் தகடு) உடைந்தது 2100, 3000, 3500, 4200, 5000 மணித்தியாலங்களில். முன்கூட்டியே மாற்றினால் செலவு 80,000 ரூபாய். ஓட்டத்தில் உடைந்தால், போன ஐஸையும் சேர்த்து 4 இலட்சம். பார் ஒன்று குறைந்தால் 300 ரூபாய் இழப்பு, மிஞ்சினால் 100. எந்த நேரத்தில் மாற்றுவது, எத்தனை பார் இருப்பு வைப்பது?

பதில் 1
அந்த ஐந்து எண்களையும் வைபுல் தாளில் (பாகங்களின் ஆயுளைக் கணிக்கும் வரைபுத் தாள்) போட்டால் பீற்றா (வயதோடு உடைவு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பது) கிட்டத்தட்ட 3, ஈற்றா (63 சதவீதம் உடைந்துவிடும் நேரம்) 4000. பீற்றா 1 என்றால் முன்கூட்டி மாற்றுவது வீண் செலவு. 3 என்பது தேய்மானம், மாற்றத்தான் வேண்டும். செலவு விகிதம் 5க்கு 1. மிகக் குறைந்த செலவு 2000 மணித்தியாலத்தில் வருகிறது; அது உடையும்வரை ஓட்டும் செலவில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூட.

ஆனால் 2000ஐப் பிடித்துத் தொங்க வேண்டாம். 1600 முதல் 2400 வரை எங்கே மாற்றினாலும் செலவு 5 சதவீதத்துக்குள்தான் ஏறும். உங்கள் ஓட்டத்துக்கு அது 40 நாள் இடைவெளி. பௌர்ணமி 29.5 நாளுக்கொன்று, ஆகவே ஒன்றாவது அதற்குள் கட்டாயம் விழும். நிலவு வெளிச்சத்தில் லைற் போட்டுப் பிடிக்கிறவர்கள் கடலுக்குப் போவது குறைவு. வேலையை அன்றைக்கு வையுங்கள். முழு ஓவர்ஹோல் வாடைக்காற்று காலத்துக்கு.

இருப்புக்கு 300 ÷ (300 + 100) = 0.75, அதாவது நூற்றில் 75 நாளுக்குப் போதுமான அளவு. இருட்டு நாட்களின் விற்பனையைத் தனியாக எடுத்து, 20 நாளைச் சிறியதிலிருந்து அடுக்கினால் 15ஆவது எண்தான் இலக்கு. நிலவு நாட்களை அதோடு கலந்தால் கணக்கு கெட்டுப்போகும்.

பதில் 2
அதுக்கு முதல் ஒன்று பாருங்கோ தம்பி: 2100 இல் உடைந்தது தேய்ந்தா, திரவ அமோனியா திரும்பி வந்தா?

கேட்டவர்
அன்றைக்கு சக்‌ஷன் குழாயில் (கொம்பிரசருக்குள் வாயு வரும் குழாய்) கொம்பிரசரின் தலை வரைக்கும் உறைபனி இருந்தது, அண்ணை.

பதில் 2
அப்ப அது திரவ அடி, பிளேட்டின் வயசில்லை. திரவம் உள்ளே போற அளவைக் கட்டுப்படுத்திற எக்ஸ்பான்சன் வால்வையும் ஃப்ளோட்டையும் (மிதவை) பாருங்கோ. புதுத் தண்ணிக் கேன்களை ஒரேயடியா இறக்கினாலும் சுமை ஏறித் திரவம் இழுபடும். வரிசை வரிசையா இறக்குங்கோ.

பதில் 1
அப்படியானால் 2100ஐ 'உடையாமல் நின்றது', அதாவது அதுவரை தேய்ந்து உடையவில்லை, என்று பதியவேண்டும். பீற்றா 4.4, ஈற்றா 4300 ஆகும். மாற்றும் நேரம் 2400 பக்கம் நகரும். நான்கு உடைவுதான் ஆதாரம் என்பதால் அதையும் தாண்டிப் போகாதீர்கள்.

பதில் 2
ஒரு கொம்பிரசர் நிற்கிற நாளில் பாதிக் கேன்தான் நிரப்பவேணும். உறைய எடுக்கும் மணித்தியாலம் = தடிப்பின் (செ.மீ.) வர்க்கம் × 0.6 ÷ பிரைன் பாகை (மைனஸ் இல்லாமல்): மைனஸ் 10க்கு 22 மணித்தியாலம், மைனஸ் 8க்கு 27. முந்தி இழுத்தால் நடுவில தண்ணி நிற்கும். கொம்பிரசரைத் திறக்க முதல் பம்ப் டவுன் (உள்ளே இருக்கிற அமோனியாவை இழுத்து வெளியேற்றுறது), இரண்டு பக்க வால்வும் பூட்டு, முகமூடி.