பதில்: முதுகொத்தா, திரள்கொத்தா? ஞாயிறு வகுப்புக்குச் சொல் வேணும்

> முதுகொத்துன்னு வைங்க, காதுக்குப் பழகின முன்னொட்டு

ஐயா வணக்கம். நாம தமிழ்ச்சொல் தேடுறது புரோட்டோகிளஸ்டருக்கு, அதாவது கேலக்ஸிங்க ஒண்ணாச் சேந்து கொத்தா ஆகிட்டிருக்கற நிலைக்கு. முதுகொத்து கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பொருள் தலைகீழா போயிடுது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023ல காட்டின ஏழு கேலக்ஸி, பெருவெடிப்பு நடந்து வெறும் 65 கோடி வருஷத்துலயே பக்கம் பக்கமா நின்னவை, அது கிழடு இல்லீங்க, பச்சைப்புள்ள. நம்மகிட்ட வந்து சேர்ற வெளிச்சம்தான் பழசு. பெங்களூரு அல்சூர்ல ஞாயிறு வகுப்புக்கு என் முன்னாடி உக்காரப்போற பசங்க 'முது'ன்னதும் தாத்தான்னுதான் எடுத்துப்பாங்க.

> தொல்காப்பியம் மரபியல்ல இளமைப்பெயர் இருக்கே, கன்று செடிக்கும் வரும். கன்றுக்கொத்து?

அக்கா, இதுல மயங்கி நேத்து ராத்திரி ரெண்டு மணி ஆயிடுச்சு. ஆனா வாழைக்கன்னுக்குப் பக்கத்துல தாய்வாழை ஒண்ணு இருக்கணுமே. இங்க தாய் கிடையாது. ஆதியில லட்சத்துல ஒரு பங்குதான் அடர்த்தி கூடக்குறைய இருந்துச்சு, கூடின இடத்துல கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் (டார்க் மேட்டர்) சேந்து இழுக்க, கேஸ் விழுந்து கேலக்ஸி பிறந்து, அதுங்களும் ஒண்ணை ஒண்ணு இழுத்து, எல்லாம் அடங்கி முழுக்கொத்து ஆனப்புறம் நடுவுல இருக்குற கேஸ் கோடிக்கணக்கான டிகிரி கொதிச்சு எக்ஸ்ரே வீசும். நம்ம ஏழும் இன்னும் அடங்கல.

எங்கம்மா தயிர் கடையும்போது மத்தைச் சுத்திப் பொடிப்பொடியா மிதக்கும், வெண்ணெய்னும் சொல்ல முடியாது மோர்னும் சொல்ல முடியாது, "திரளுது, கை வைக்காதே"ம்பாங்க. அதேதான் இது. அதனால திரள்கொத்து. வினைத்தொகை, கொல்களிறு மாதிரி. தயவுசெஞ்சு திரட்கொத்துன்னு புணர்த்திடாதீங்க, திரள் பெயர்ச்சொல் ஆயிடும்.

---

தம்பி, வினைத்தொகைன்னா முக்காலமும் உள்ள இருக்கு. திரண்ட கொத்தும் திரள்கொத்துதானே, அப்ப என்னிக்கோ திரண்டு முடிஞ்ச கோமாங்கற கேலக்ஸிக் கொத்தை என்ன சொல்லுவே? போதாததுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்ல கேலக்ஸிக்கே விண்மீன் திரள்னுதான் பேரு. புள்ளைங்க குழம்பும். முன்கொத்துதான் நேரா புரியும்.

---

அண்ணா, பாடநூல் விஷயம் நியாயம், அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா ஊறுகாயும் முக்காலம்தான், ஜாடியில இன்னும் ஊறிட்டிருக்கறதையும் அந்தப் பேர்லதானே கூப்பிடுறோம். முடிஞ்சதைக் கொத்துன்னு மட்டும் சொன்னா போதும். 'முன்' போட்டா கொத்துக்கு முன்னாடி நிக்குதா, முன்னொரு காலத்துக் கொத்தான்னு எனக்கே தடுமாறுது. சனிக்கிழமை ஸ்லைடு அனுப்பணும், மூணு பேர் திரள்கொத்துக்கு சரின்னுட்டாங்க, அதையே பெருசா போட்டு அடியில முன்கொத்துன்னும் எழுதிடுறேன்.

---

அடியில எழுதினா யார் படிப்பா? என் எதிர்ப்பைக் குறிச்சுக்கோ.