திருச்சியிலிருந்து இரண்டு நாள்: புதுக்கோட்டைப் பக்கம் முதியவருடனும் சிறுமியுடனும் எவற்றைப் பார்க்கலாம்?

செம்மண்வழி:

வணக்கம். வரும் மாசி முதல் வாரத்தில் என் தந்தையையும் பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து காரில் புதுக்கோட்டைப் பக்கம் இரண்டு நாள் போய்வர எண்ணியிருக்கிறேன். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; வயது 72. சமதரையில் ஒரு மணி நேரம்கூட நடப்பார். உயரம் ஏறினால் முழங்கால் வலி வந்துவிடும். மகளோ பாறையைக் கண்டால் நிற்கமாட்டாள். சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம், திருக்கோகர்ணத்து அருங்காட்சியகம் என ஆறு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு வேறொரு மாவட்டத்தில் ஒரே நாளில் ஐந்து கோயில்களுக்கு ஓடினோம். இரண்டில் நடை சாத்தியிருந்தது. ஒன்றில் சாவி வைத்திருந்தவர் சந்தைக்குப் போயிருந்தார். மற்ற இரண்டிலும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. இரவு வீடு திரும்பியதும் அப்பா, "ஒரு கல்வெட்டையாவது நின்று படிக்க விட்டாயா?" என்று கேட்டார். அது இன்னும் உறுத்துகிறது. இந்த ஆறில் எதை விடலாம், எதை எந்த வேளையில் பார்க்கலாம் என்று அப்பகுதியை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுனைநீர்:

நான் அன்னவாசல் பக்கத்துக்காரன். தங்கள் தந்தையாரின் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆறும் வேண்டாம், அம்மா, நான்கே போதும்.

சித்தன்னவாசலுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அங்கே இரண்டு தனித்தனி இடங்கள் உள்ளன. பலரும் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஏழடிப்பட்டம் என்பது மலைமேல் உள்ள இயற்கைக் குகை. சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய 17 கற்படுக்கைகளும், அவற்றுள் பெரியதில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் அங்கே இருக்கின்றன. இதற்கு நன்றாக ஏற வேண்டும். விளிம்பில் பாதை குறுகலாக இருக்கும். ஆகவே பாறை சுடுவதற்கு முன், காலை வேளையில், நீங்களும் மகளும் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு போய்வாருங்கள். அப்பா கீழே நிழலில் இருக்கலாம்.

ஓவியங்கள் இருக்கும் அறிவர் கோயில் மலையின் மேற்குச் சரிவில் தாழ்வாக அமைந்த குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து அமைத்த சமணக் கோயில். சில படிகள்தாம், அப்பாவை மெதுவாக அழைத்துச் செல்லலாம். வெளியே வெயிலில் நின்ற கண்ணோடு உள்ளே நுழைந்து உடனே மேலே பார்த்தால் மங்கிய பச்சையும் காவியும்தான் தெரியும். ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். மெல்ல மெல்லத் தாமரைக் குளம் விதானத்தில் எழுந்து வரும்: விரிந்த இலைகள், மொட்டுகள், இடையே மீன்கள், அன்னங்கள், யானைகள், பூப்பறித்துத் தண்டோடு ஏந்தி நிற்கும் ஆண்கள். முகப்புத் தூண்களில் ஆடல் மகளிர் இருவரின் உருவங்கள் தேய்ந்த நிலையிலும் அந்தக் கை வீச்சு மட்டும் குறையவில்லை. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு அங்கேயே உள்ளது. தமிழாசிரியர் ஒருவர் நின்று படிக்க அதைவிட வேறென்ன வேண்டும்!

கருவறைக்குள் நின்று வாயை மூடி 'ம்' என்று ஒலித்தால் அந்த அறை முழுவதும் அதிரும். மகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

நார்த்தாமலை எனக்கு மிகவும் பிடித்த இடம். விசயாலய சோழீச்சுரம் வட்டமான கருவறை கொண்ட கற்கோயில். அதன் எதிரே பாறையில் குடைந்த இரண்டு குடைவரைகளுள் ஒன்றில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் ஏறுவது வழுவழுப்பான மொட்டைப் பாறையில். அப்பாவைக் கீழே விட்டுவிட்டாவது மகளுடன் விடியற்காலையில் ஏறிவிடுங்கள். திருமயம் கோட்டையை இந்த முறை விட்டுவிடலாம்.

ஓலைநறுக்கு:

சித்தன்னவாசல் பற்றி மேலே சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை. நார்த்தாமலை பற்றித்தான் வேறுபடுகிறேன். மகளுக்கு ஏழடிப்பட்டம் கிடைத்துவிடும். அப்பா இரண்டு இடங்களில் அடிவாரத்தில் காத்திருக்க வேண்டுமா? அந்த நேரத்தைக் கொடும்பாளூருக்குக் கொடுங்கள். முழுவதும் சமதரை.

மூவர் கோயில் என்று பெயர். இப்போது எழுந்து நிற்பவை இரண்டே. மூன்றாவதின் அடித்தளம் மட்டும் வடபுறம் இருக்கிறது. கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் மரபினனான பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் மூன்று விமானங்களை எழுப்பியதாக அங்கு கிரந்தத்தில் (வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்து) உள்ள கல்வெட்டு சொல்கிறது. அடித்தளம் மட்டும் எஞ்சியிருப்பதும் ஒரு வகையில் நன்மைதான்: ஒரு கற்கோயில் தரையிலிருந்து எப்படி அளவெடுத்து எழுகிறது என்பதை முழுக் கோயிலைக் காட்டிக் குழந்தைக்கு விளக்க முடியாது, அங்கே முடியும்.

தங்கள் தந்தையாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை வழி சொல்லும்போது, சிவன் ஏந்திய சூலம்போல் பாதை மூன்றாகப் பிரியும் இடமாகக் கூறுவது இந்தக் கொடும்பையின் (கொடும்பாளூரின் பழம்பெயர்) நெடுங்குளத்தைத்தான். இன்று திருச்சி, மதுரை நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது. என் தாயாருடன் போனபோது அவர் அந்தப் பகுதியை அங்கே நின்று உரக்கப் படித்தார். காவலர் அருகே வந்து முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

யாழ்நரம்பு:

குடுமியான்மலையை யாரும் விரித்துச் சொல்லவில்லையே! அங்குள்ள இசைக் கல்வெட்டுக்காகவே மூன்று முறை போயிருக்கிறேன். மேலைக்கோயில் குடைவரையின் அருகே, பாறை முகத்தில், 7ஆம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்தில் சுரங்கள் நான்கு நான்காக வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன; ஏழு பண்களுக்கு ஏழு பகுதிகள். மகேந்திரவர்மப் பல்லவன் செய்தது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அரசன் பெயர் அதில் இல்லாததால் ஆய்வாளர்கள் பலர் இன்று அதை ஏற்பதில்லை. வடமொழியில் அமைந்த அக்கல்வெட்டின் முடிவில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்னும் பொருளில் தமிழ் வரி ஒன்று வருகிறது. இசைக்கருவியின் நரம்புகளின் எண்ணிக்கையைக் குறிப்பதாகக் கொள்வர். எழுத்துகள் சிறியவை. பக்கவாட்டில் வெயில் விழும் வேளையில் போனால் கோடுகள் நிழலோடு எடுப்பாகத் தெரியும்; உச்சிவேளையில் பாறை வெறும் பாறையாகத்தான் இருக்கும்.

இது வழிபாட்டில் உள்ள கோயில் என்பதால் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். மண்டபத்துச் சிற்பங்களுக்கும் நேரம் வையுங்கள். குதிரை வீரர்களும் பத்துத்தலை இராவணனும் மகளைக் கட்டிப்போடும். சித்தன்னவாசல் குடைவரையின் முன்மண்டபத் தூண்கள்கூடக் குடுமியான்மலையிலிருந்து சமஸ்தான காலத்தில் கொண்டுபோய் நிறுத்தியவை. இரண்டையும் பார்த்தால் அப்பாவே கண்டுபிடித்துவிடுவார். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.

செம்மண்வழி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொடும்பை என்ற சொல் வந்ததுமே எழுந்துபோய் நூலை எடுத்துவந்துவிட்டார். முதல் நாள் காலை கொடும்பாளூர், மாலை வெயில் சாய்ந்தபின் குடுமியான்மலை, இரவு புதுக்கோட்டையில் தங்கல். மறுநாள் முற்பகல் முழுவதும் சித்தன்னவாசல், பிறகு அருங்காட்சியகம் என்று முடிவு செய்திருக்கிறோம். நார்த்தாமலைக்கு மகளை மட்டும் கோடை தொடங்குமுன் ஒருநாள் விடியற்காலையில் அழைத்துப்போவேன். சுனைநீர் அவர்களுக்கு ஒரு கேள்வி: அறிவர் கோயிலில் விதானத்தைப் பார்க்க அப்பா தரையில் உட்கார்ந்துகொள்ளலாமா, காவலர்கள் விடுவார்களா?

சுனைநீர்:

உள்ளிடம் சிறியது. கூட்டம் இல்லாத வார நாள் காலையில் போய், காவலரிடம் முழங்கால் வலியைச் சொல்லிக் கேளுங்கள். சுவரிலும் தூணிலும் சாயாமல் இருந்தால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.