குழந்தை இருக்கும் வீட்டில் கண்ணாடி டீப்பாய் வாங்கலாமா?

வேளச்சேரி அம்மா:
எங்கள் ஹால் 10க்கு 12 அடிதான். மர டீப்பாய் போட்டால் அடைசலாகத் தெரிகிறது என்று கண்ணாடி பார்த்தோம். 4க்கு 2 அடி, 8 எம்எம், இரும்புக் கால். "உடையவே உடையாது" என்கிறார் கடைக்காரர். பையனுக்குப் பதினோரு மாதம். எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான், எவர்சில்வர் டம்ளரை வைத்து டங் டங் என்று தட்டுகிறான். நம்பி வாங்கலாமா?

கண்ணாடி வேலைக்காரன்:
தடிமன் அப்புறம் மேடம். முதலில் டஃபன் கண்ணாடியா என்று கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி 12 எம்எம் இருந்தாலும் கத்தி கத்தியாகத்தான் உடையும். டஃபன் கண்ணாடி கற்கண்டு மாதிரி சின்னச் சின்னத் துண்டாகக் கொட்டிவிடும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று ஆறவைப்பார்கள். அதற்குப் பிறகு அறுக்கவோ ஓட்டை போடவோ முடியாது. பெரும்பாலும் மூலையில் சின்னதாக முத்திரை இருக்கும். எப்படியும் பில்லில் "டஃபன்" என்று எழுதி வாங்குங்கள்.

ஆனால் டஃபனுக்கும் ஓரம்தான் பலவீனம். நடுவில் தாங்குகிற அடியை ஓரத்தில் தாங்காது. இரும்பும் கண்ணாடியும் நேராக உரசக்கூடாது, நடுவில் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

இரட்டையர் அம்மா:
வட்டமாக வாங்குங்கள், நெற்றியில் இடிக்கக் கூர்முனை இருக்காது. பல டீப்பாய்களில் கண்ணாடியைச் சும்மா மேலே வைத்திருப்பார்கள். ஓரத்தைப் பிடித்துக் குழந்தை தொங்கினால் தூக்கிக்கொள்ளும். கடையிலேயே ஒரு பக்கம் அழுத்திப் பாருங்கள். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் ஒன்றரை அடி விடுங்கள்.

வேளச்சேரி அம்மா:
நேற்றுப் போய்ப் பார்த்தோம். முத்திரை இல்லை, புஷ்ஷும் இல்லை. பில்லில் எழுதித் தரச் சொன்னதும் பேச்சை மாற்றினார். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

கண்ணாடி வேலைக்காரன்:
நல்ல வேலை செய்தீர்கள். செய்யக் கொடுப்பதாக இருந்தால் லேமினேட்டட் கேளுங்கள். இரண்டு 5 எம்எம் டஃபன் கண்ணாடிக்கு நடுவே பிலிம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் பிலிமிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். விலை கூடும்தான், ஆனால் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். 3 அடி வட்டம் 16 கிலோ வரும், காலும் அதற்கேற்ற கனமாக இருக்கட்டும்.

வேளச்சேரி அம்மா:
சரி, அதையே சொல்லிவிடுகிறோம். எங்கள் போர் தண்ணீரில் துடைத்தால் உப்புத் திட்டு விழுமே?

இரட்டையர் அம்மா:
வினிகரும் கேன் தண்ணீரும் பாதிப் பாதி. துடைத்த கையோடு காய்ந்த பருத்தித் துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள்.